பணம் பின்னே, சேதி முன்னே: அரசுச் செலவு அறிவிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மாலை நேரத்தில் பிளஸ் டூ, பி.காம். பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஜனவரி கடைசி வந்துவிட்டால் பிள்ளைகள் மட்டுமில்லை, அவர்களுடைய அப்பா அம்மா, எதிர்க்கடை அண்ணாச்சி, என் மச்சான் என்று எல்லோரும் பட்ஜெட் சந்தேகங்களோடு வருவார்கள். வருஷா வருஷம் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன்.

அரசாங்கம் இன்னும் ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணலை. வெறும் அறிவிப்பு எப்படி சார் பொருளாதாரத்தை அசைக்கும்?

வீட்டுப் பையனுக்கு வேலை ஆர்டர் வருகிறது. முதல் சம்பளம் வர இன்னும் 40 நாள் இருக்கிறது. ஆனால் அன்று சாயங்காலமே பைக் பேச்சு ஆரம்பமாகிவிடும். மளிகைக் கடையில் பாக்கி சொல்வதில் ஒரு தைரியம் வரும். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் கொடுப்பார். பணம் வரவில்லை, வரும் என்ற சேதிதான் வந்திருக்கிறது. வீட்டின் நடப்பு மாறிவிட்டது.

அரசுச் செலவும் இப்படித்தான். புதிய நாற்கர சாலை என்று அறிவித்தால் சிமெண்ட் கம்பெனி கூடுதல் உற்பத்தி பற்றி யோசிக்கிறது, காண்ட்ராக்டர் இயந்திரத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார், சாலையோரம் நிலம் வைத்திருப்பவர் விலையை ஏற்றிச் சொல்கிறார். இவையெல்லாம் ஜல்லி வந்து இறங்குவதற்கு முன்பே நடப்பவை.

அப்போ செலவு நடக்கும்போது ஒண்ணும் ஆகாதா?

ஆகும். கொத்தனாருக்குக் கூலி போகிறது, அவர் அதில் அரிசி, செருப்பு வாங்குகிறார், செருப்புக் கடைக்காரர் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார். அரசு போட்ட ஒரு ரூபாய் இப்படிக் கைமாறிக் கைமாறி மொத்த வருமானத்தை எவ்வளவு கூட்டுகிறது என்ற எண்ணைத்தான் பெருக்கி என்கிறோம். டெல்லியில் உள்ள தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சாலை, பாலம் மாதிரியான மூலதனச் செலவுக்கு இந்தியாவில் இந்த எண் 2.45 என்று மதிப்பிட்டது. சம்பளம், மானியம் மாதிரியான செலவுகளுக்கு 1-ஐ ஒட்டித்தான் வந்தது.

ஆனால் இந்தப் பெருக்கியில் எவ்வளவு பங்கு செலவால் வந்தது, எவ்வளவு பங்கு சேதியால் முன்கூட்டியே நடந்து முடிந்தது என்று பிரிப்பது லேசான காரியம் இல்லை. அதைக் கீழே கொரியப் போர் பற்றிய பதிலில் பார்க்கலாம்.

பட்ஜெட்ல சொன்ன தொகையும் உண்மையில செலவான தொகையும் ஒண்ணுதானே?

இல்லை. ஒரே செலவுக்கு மூன்று எண்கள் உண்டு: ஆண்டு தொடங்கும் முன் சொல்லும் பட்ஜெட் மதிப்பீடு, நடுவழியில் மாற்றிச் சொல்லும் திருத்திய மதிப்பீடு, கடைசியில் கணக்கு முடிந்ததும் வரும் உண்மைச் செலவு. மத்திய அரசு 2024-25-க்கு மூலதனச் செலவாக 11.11 லட்சம் கோடி ரூபாய் என்றது. அடுத்த பிப்ரவரியில் அதைத் திருத்தி 10.18 லட்சம் கோடி என்றது. கிட்டத்தட்ட 93,000 கோடி குறைவு.

வேடிக்கை அடுத்துத்தான். 2025-26-க்கு 11.21 லட்சம் கோடி என்று அறிவித்தார்கள். பழைய அறிவிப்போடு ஒப்பிட்டால் இது ஒரு சதவீத உயர்வு. திருத்திய எண்ணோடு ஒப்பிட்டால் பத்து சதவீத உயர்வு. ஒரே எண்ணை வைத்து ஒரு பத்திரிகை "தேக்கம்" என்றும் இன்னொன்று "பாய்ச்சல்" என்றும் எழுதலாம், இரண்டுமே பொய் இல்லை. எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல் தலைப்பை நம்பாதீர்கள் என்று வகுப்பில் தொண்டை வறளச் சொல்கிறேன்.

பட்ஜெட் அன்னைக்கு சென்செக்ஸ் ஏறினா நல்ல பட்ஜெட்னு அர்த்தமா?

எதிர்பார்த்ததைவிட வேறு மாதிரி வந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். தெரிந்த சேதி ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கும். 2021 பிப்ரவரி 1 அன்று, கொரோனாவுக்குப் பிறகு புதிய வரி போடுவார்கள் என்று பயந்திருந்த சந்தைக்கு அப்படி எதுவும் வரவில்லை, மூலதனச் செலவும் 5.54 லட்சம் கோடி என்று வந்தது. மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 2,300 புள்ளிகளுக்கு மேல் ஏறியது.

2025 பிப்ரவரி 1 அன்று, 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. சென்செக்ஸ் முடிந்தபோது ஏற்றம் 5 புள்ளி. ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். உள்ளே பெரிய இடமாற்றம் நடந்தது: மக்கள் கையில் காசு கூடும் என்று நுகர்பொருள் கம்பெனிகளின் பங்குகள் ஏறின, அரசுச் செலவு எதிர்பார்த்த அளவு கூடவில்லை என்று ரயில்வே, கட்டுமானப் பங்குகள் இறங்கின. கூட்டிக் கழித்தால் பூஜ்யம்.

ஒரே நாள்ல பங்கு ஏறுது, அரசு கடன் பத்திரம் விலை இறங்குது. இது என்ன கூத்து?

மேலே சொன்ன 2021 பிப்ரவரி 1-லேயே இது நடந்தது. அரசு கடன் வாங்கும்போது எழுதிக் கொடுப்பதுதான் கடன் பத்திரம். செலவு கூடுகிறது என்றால் கடனும் கூடுகிறது. அடுத்த ஆண்டில் சந்தையிலிருந்து சுமார் 12 லட்சம் கோடி கடன் வாங்கப்போகிறோம் என்று அதே உரையில் சொன்னார்கள். காண்ட்ராக்ட் கம்பெனிக்கு அது வேலை. பத்திரம் வைத்திருப்பவருக்கு அது போட்டி, ஏனென்றால் இன்னும் நிறைய பத்திரம் சந்தைக்கு வரப்போகிறது. பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி விகிதம் அன்றைக்கு 6 சதவீதத்தைத் தாண்டியது.

விலை இறங்குவதும் வட்டி ஏறுவதும் எப்படி ஒன்றே என்பதுதான் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். ஒரு வருடம் கழித்து 107 ரூபாய் தரும் ஒரு பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று 100 ரூபாய்க்கு வாங்கினால் வட்டி 7 சதவீதம். நாளைக்கு எல்லோரும் "8 சதவீதம் கிடைத்தால்தான் வாங்குவேன்" என்றால், 107 ரூபாயை அரசு மாற்றாது. எனவே இன்றைய விலை 99 ரூபாய் 7 காசுக்கு இறங்கும். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் இது தலைகீழாக நடந்தது. சந்தை நினைத்ததைவிடக் கடன் குறைவாக, 14.13 லட்சம் கோடி என்று வந்தது. பத்திர விலை ஏறியது, வட்டி இறங்கியது.

அப்போ என் வீட்டுக் கடன் தவணையும் ஏறுமா சார்?

நேராக ஏறாது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு (வங்கிகளுக்கு அது கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டி) கட்டப்பட்டிருக்கின்றன. அரசு அதிகம் செலவிட்டு விலைவாசி ஏறும் என்று ரிசர்வ் வங்கி நினைத்தால்தான் அது உங்கள் தவணைக்கு வந்து சேரும். பட்ஜெட் அன்று ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை.

எட்டாவது ஊதியக் குழு அறிவிச்ச உடனே கடைக்காரங்க கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்களே, அதுல அர்த்தம் இருக்கா?

இருக்கிறது. இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. மதுரை ரயில்வே ஊர். 2025 ஜனவரி 16 அன்று, மத்திய அரசு ஊழியர்களின் சம்பளத்தைத் திருத்தப் பரிந்துரைக்கும் எட்டாவது ஊதியக் குழுவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் என்று சேதி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில்வேயில் இருக்கும் என் சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். மாடியில் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். "ஒரு ரூம் எடுத்துடலாம்னு பார்க்குறேன்" என்றார். எதை நம்பி என்று கேட்டதற்கு ஒரு சிட்டையைக் காட்டினார். சம்பளம் எத்தனை மடங்காகும் என்ற ஊகத்தில், இப்போதைய அடிப்படைச் சம்பளத்தை 1.92, 2.28, 2.57 என்று மூன்று காரணிகளால் பெருக்கி வைத்திருந்தார். அவருடைய மனைவி, "குழுவே இன்னும் உட்காரலை, இவர் கொத்தனாரைக் கூப்பிட்டாச்சு" என்றார்.

அவர் செய்தது அசட்டுத்தனம் இல்லை. ஏழாவது ஊதியக் குழுவின்போது குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 7,000-லிருந்து 18,000 ரூபாய் ஆனது. அமைச்சரவை 2016 ஜூன் 29 அன்று ஒப்புதல் தந்தது, ஆனால் ஜனவரி 1 முதலே கணக்கு. நிலுவைத் தொகை ஆகஸ்ட் சம்பளத்தோடு மொத்தமாக வந்தது. அதைப் பார்த்தவருக்கு இந்தச் சேதி வெறும் சேதி இல்லை, தேதி மட்டும் போடாத காசோலை மாதிரி. மேலும் அரசு ஊழியர் என்றால் வங்கியில் கடன் கிடைக்கும். நாளைய சம்பளத்தை இன்றைக்கே செலவு செய்ய வழி இருக்கிறது.

தேதிதான் சிக்கல். எட்டாவது குழு எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற ஆய்வு வரம்புகளுக்கு 2025 அக்டோபர் 28 அன்றுதான் ஒப்புதல் கிடைத்தது, அறிக்கைக்கு 18 மாதம் அவகாசம். ஆறாவது குழுவின் நிலுவையோ இரண்டு தவணையாக, 40 சதவீதம் ஒரு நிதியாண்டிலும் 60 சதவீதம் அடுத்த நிதியாண்டிலும் வந்தது. ஆகவே கம்பியும் செங்கலும் விற்பவர் சரக்குப் போடலாம், ஆனால் எந்த மாதத்துக்கு என்றுதான் தெரியாது.

மகளிர் உரிமைத் தொகை அறிவிச்சப்போ என் கடையில ஒரு மாற்றமும் இல்லையே தம்பி?

இதைக் கேட்டவர் எதிர்க்கடை அண்ணாச்சி. அவர் பார்த்தது சரி. 2023 மார்ச் 20 மாநில பட்ஜெட்டில் மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்து 7,000 கோடி ஒதுக்கினார்கள். செப்டம்பர் 15 அன்று 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குத் தொடங்கியது. நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அண்ணாச்சி கடையில் அதே அரைக் கிலோ பருப்புதான்.

முந்தைய பதிலோடு சேர்த்துப் படியுங்கள். ரயில்வே சிநேகிதர் சேதியைக் காட்டியே கடன் வாங்க முடியும். மாதச் சம்பளம் இல்லாத ஒரு அக்காவால் "செப்டம்பரில் வரும்" என்று சொல்லி வங்கியில் எதுவும் வாங்க முடியாது. கையில் சேமிப்பும் இல்லை. போதாததற்கு, தன் பெயர் பட்டியலில் வருமா என்பதே வெகு நாள் வரை தெரியாது. ஆகவே அவர் காத்திருக்கிறார், பணம் கணக்கில் விழுந்த பிறகு செலவு செய்கிறார். சேதி முன்கூட்டியே வேலை செய்வது, அதை அடகு வைக்கத் தெம்பு இருப்பவர்களிடம் மட்டும்தான். யாருக்கான செலவு என்பதைப் பார்க்காமல் "அறிவிப்பால் பொருளாதாரம் சூடு பிடித்தது" என்று மொத்தமாகச் சொல்வது எனக்கு ஒப்பாது.

சேதியைக் கேட்டு ஜனங்க செலவைத் தள்ளிப்போடுறதும் உண்டுதானே?

உண்டு. நல்ல உதாரணம் செலவுப் பக்கம் இல்லை, வரிப் பக்கம் கிடைக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் ஜிஎஸ்டி குறையும் என்றார். நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22. சின்ன கார், ஏசி, பெரிய டிவி எல்லாம் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கின. ஐந்து வாரம் ஷோரூம்காரர்கள் ஈ ஓட்டினார்கள். என் மச்சானே டிவி வாங்கப் போய் "22-ஆம் தேதிக்கு அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். பிறகு நவராத்திரியோடு சேர்ந்து கூட்டம் அள்ளியது.

மானியத்தைக் குறைக்கும்போது ஜனங்கள் இப்படி வாங்கும் நாளை மாற்றாமல் இருக்க ஒரு தந்திரம் உண்டு. 2013 ஜனவரியில் டீசல் மானியத்தைக் குறைக்க ஆரம்பித்தார்கள். ஒரே நாளில் பத்து ரூபாய் ஏற்றியிருந்தால் முந்தைய ராத்திரி பெட்ரோல் பங்கில் வரிசை நின்றிருக்கும். மாதம் 50 காசு என்று ஏற்றினார்கள். 50 காசுக்காக யார் டிரம் எடுத்துக்கொண்டு போவார்கள்? 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடே நீங்கியது.

சேதியோட விளைவு, செலவோட விளைவு - இதை எப்படித்தான் பிரிச்சு அளக்கிறாங்க?

இதில் பேர்பெற்ற வேலை அமெரிக்கப் பொருளியலாளர் வேலரி ராமி செய்தது. 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படை தெற்கே நுழைந்தது. அமெரிக்க ராணுவச் செலவு கணக்கில் பெரிதாக ஏற மாதக்கணக்கில் ஆனது. ஆனால் அமெரிக்க வீடுகளில் அப்போதே பரபரப்பு. இரண்டாம் உலகப் போரின்போது டயரும் சர்க்கரையும் ரேஷனில் வாங்கியது அவர்களுக்கு மறக்கவில்லை. கார், குளிர்பதனப் பெட்டி, சர்க்கரை என்று வாங்கிக் குவித்தார்கள். விலை ஏறியது. 1951 ஜனவரியில் அரசு விலைகளை உறைய வைக்க வேண்டி வந்தது.

செலவுக் கணக்கை மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்கு, செலவு ஏறிய நாள்தான் ஆரம்பம். ஆனால் கதை அதற்கு முன்பே பாதி முடிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பந்திக்கு மட்டும் போய்விட்டு, முகூர்த்தம் எப்படி நடந்தது என்று எழுதுகிற மாதிரி. ராமி என்ன செய்தார் என்றால், அந்தக் காலத்து பிசினஸ் வீக் முதலான பத்திரிகைகளை உட்கார்ந்து படித்து, ராணுவச் செலவு இனி எவ்வளவு மாறும் என்று ஒவ்வொரு காலாண்டிலும் மக்கள் எதிர்பார்த்திருப்பார்கள் என்பதை டாலர் கணக்கில் எழுதினார். அந்தத் தேதிகளை வைத்து அளந்தபோது முடிவே மாறியது. பழைய முறையில் அரசுச் செலவு ஏறினால் மக்களின் நுகர்வும் கூலியும் கூடுவதாகத் தெரிந்தது. சேதி வந்த தேதியிலிருந்து அளந்தால் அவை பெரும்பாலும் குறைந்தன. 2011-இல் வெளியான கட்டுரையில் பெருக்கி 0.6-லிருந்து 1.2 வரை என்று வந்தது. இது ராணுவச் செலவை வைத்துப் போட்ட அமெரிக்கக் கணக்கு. மேலே சொன்ன 2.45 நம் ஊர் மூலதனச் செலவுக்கானது, முறையும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போட வேண்டாம்.

நிறைய செலவு பண்றோம்னு சொன்னா, "நாளைக்கு வரி போடுவாங்க"ன்னு ஜனங்க இப்பவே பணத்தை இறுக்கிப் பிடிப்பாங்களா?

ஏட்டில் அப்படி ஒரு கொள்கை இருக்கிறது. நேரில் பார்த்தால், வீட்டுக்காரர்கள் அந்த அளவுக்கு யோசிப்பது அபூர்வம். கடன் கொடுப்பவர்கள் யோசிப்பார்கள். 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக் குறைப்பை அறிவித்தார், பணத்துக்கு வழி சொல்லவில்லை. அடுத்த சில நாளில் பவுண்டு சரிந்தது, பத்திர வட்டி எகிறியது. 28-ஆம் தேதி பாங்க் ஆஃப் இங்கிலாந்து இறங்கிப் பத்திரங்களை வாங்க வேண்டியிருந்தது. அறிவித்த குறைப்புகளில் பெரும்பாலானவை நடைமுறைக்கே வரவில்லை. சேதியே போதுமானதாக இருந்தது.

ஜெர்மனி வேறு கதை. 2025 மார்ச் 4 மாலை, உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ நிதி, ராணுவத்துக்குக் கடன் வரம்பில் தளர்வு என்று அறிவித்தார்கள். மறுநாள் அந்த நாட்டுப் பத்தாண்டுப் பத்திர வட்டி சுமார் 0.3 சதவீதப் புள்ளி ஏறியது. 1990-க்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு ஏறியதில்லை. ஆனால் யாரும் அலறவில்லை. யூரோ வலுத்தது, பங்குகளும் ஏறின. கடன் குறைவாக வைத்திருந்த வீடு பெரிய செலவு செய்கிறது என்று சந்தை எடுத்துக்கொண்டது.

நமக்குப் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 2019 கடைசியில் மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டே, கடன் வாங்குபவரின் நம்பகத்துக்கு மதிப்பெண் போடும் தர நிறுவனங்கள் நாட்டின் கடன் தரத்தை இறக்கின, வெளிநாட்டில் புதுக் கடன் வாங்கும் வழி அடைபட்டது. கொரோனா, சுற்றுலா வீழ்ச்சி என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்கும் நிலை வந்தது.

அறிவிச்சுட்டு கட்டாமலே விட்டா அதுக்கும் விளைவு உண்டா? எய்ம்ஸ் மாதிரி?

மதுரைக்காரர்களிடம் இதைக் கேட்கவே வேண்டாம். 2015 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்றார்கள். 2018 ஜூனில் தோப்பூர் என்று இடம் சொன்னார்கள். 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல். கட்டுமானம் தொடங்கியது 2024-இல். நடுவில் 2021 தேர்தலில் ஒற்றைச் செங்கல் பிரசாரமே நடந்தது. ஆனால் திருமங்கலம் பக்கம் "எய்ம்ஸ் அருகில்" என்று மனைப் பலகைகள் ஆஸ்பத்திரிக்கு வெகு முன்பே முளைத்துவிட்டன. என் மாணவன் ஒருவனின் அப்பா 2019-இல் அங்கே இரண்டு சென்ட் வாங்கினார். அவர் கொடுத்த விலையில் அடுத்த பத்து வருஷத்து ஆஸ்பத்திரியும் அடக்கம். பணம் அதில் முடங்கியது, பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகை போனது. இது செலவின் விளைவு இல்லை. சேதியின் விளைவு.

அமராவதியில் இது பத்து மடங்கு. 2014 கடைசியில் ஆந்திரத் தலைநகர் அங்கே என்றதும் நில விலை ஏறியது, 2019 டிசம்பரில் மூன்று தலைநகர் என்றதும் விழுந்தது, 2024 ஆட்சி மாற்றத்தில் மறுபடி ஏறியது. இப்படி நாலு முறை அலைக்கழித்தால் ஐந்தாவது அறிவிப்பை ஜனங்கள் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பட்ஜெட்டை ஏன் அவ்வளவு ரகசியமா வச்சிருக்காங்க? அல்வா எல்லாம் கிண்டி, ஆளைப் பூட்டி வச்சு?

பட்ஜெட் அச்சடிக்கும் முன் நிதியமைச்சகத்தில் அல்வா கிண்டிவிட்டு, அந்த வேலையில் இருக்கும் ஊழியர்களை வெளியே விடாமல் வைப்பதைத்தான் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கான பதில்தான் காரணம். சேதியே காசு என்றால், முன்கூட்டித் தெரிந்தவர் காசு பார்ப்பார். 1947 நவம்பரில் பிரிட்டன் நிதியமைச்சர் ஹியூ டால்டன், அவைக்குள் நுழையும்போது தெரிந்த நிருபரிடம் பட்ஜெட்டில் வரப்போவதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். உரை முடியும் முன்பே மாலைப் பத்திரிகையில் வந்துவிட்டது. மறுநாள் பதவி போனது.

தேர்தல் வந்தா அறிவிப்பு நிற்குது. செலவும் நிற்குமா?

தேர்தல் நடத்தை விதி புதிய அறிவிப்புகளைத்தான் தடுக்கிறது, நடக்கிற வேலையை இல்லை. ஆனால் புதிய டெண்டர் தாமதப்படும், அதிகாரிகள் தேர்தல் பணிக்குப் போய்விடுவார்கள், பில் பாஸாகாது. 2024 ஏப்ரல்-ஜூனில் மத்திய அரசின் மூலதனச் செலவு முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட நன்றாகவே குறைந்தது. திருத்திய மதிப்பீடு 10.18-க்கு இறங்கியதில் இதற்கும் பங்கு உண்டு.

சரி சார், உண்மையிலேயே செலவாச்சான்னு நாங்க எங்கே பார்க்கிறது?

மத்திய அரசின் கணக்குகளை, தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் மாதா மாதம் இணையத்தில் போடுகிறது. ஒரு மாதத்துக் கணக்கு அடுத்த மாதக் கடைசியில் வரும். ஆண்டுக் கடைசியான மார்ச் கணக்கு மட்டும் மே கடைசியில். முதல் பக்கத்திலேயே பட்ஜெட் மதிப்பீடு, இதுவரை ஆன செலவு, அது எத்தனை சதவீதம் என்று மூன்று நிரல் இருக்கும். மூலதனச் செலவு என்ற வரிசையை மட்டும் பாருங்கள். செப்டம்பர் முடிவில் பாதியை ஒட்டி இருந்தால் வண்டி ஓடுகிறது. ரொம்பக் குறைவாக இருந்தால் பிப்ரவரியில் திருத்திய மதிப்பீட்டில் வெட்டு விழ வாய்ப்பு அதிகம். மாநிலங்களின் மாதக் கணக்கை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தளத்தில் பார்க்கலாம், தமிழ்நாட்டுக்கும் உண்டு. பார்ப்பதற்குப் பயமுறுத்தும், ஆனால் பிளஸ் டூ வணிகவியல் படித்தவருக்குக் கால் மணி நேர வேலை.